அத்தியாயம் 6: தாகமும் தித்திப்பும்

1858ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டாக்டர் ஜே. பி. வாக்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரி 200 கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கித் தண்டனைக் குடியிருப்பை ஸ்தாபிக்க முற்பட்டபோது, காட்டோடும் காய்ச்சலோடும் போராடுவதற்கு முன்னரே அவர் எதிரே வந்து நின்ற சங்கடம் குடிதண்ணீர். முதலில் தேர்ந்தெடுத்த சாத்தம் தீவில் நல்ல தண்ணீர் போதாமல், குடியிருப்பின் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியதென்று சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இத்தீவுகளில் அந்தச் சங்கடம் இன்றும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. மே மாதம் தொடங்கி ஆண்டின் கடைசி வரையில் கொட்டித் தீர்க்கும் மழைநீர் செங்குத்தான சரிவுகளில் உருண்டோடிச் சீக்கிரமே கடலைச் சேர்ந்துவிடுகிறது. அதைத் தேக்கிவைக்கப் பேராறுகளும் இல்லை, பெரிய ஏரிகளும் இல்லை. ஆகையால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான வறண்ட மாதங்களில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரம், தனிக்காரி அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்தே தன் குழாய்களைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அந்நகரில், அபர்டீன் பஜாருக்கு அருகே, கடலையும் ராஸ் தீவையும் நோக்கியவாறு எழுந்து நிற்கும் மேட்டுப்பகுதி மரைன் ஹில். கோடையில் இங்கே குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடம், வாளி, டிரம் என்று வீட்டிலுள்ள பாத்திரங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டு, வராத நாட்களில் அளந்து செலவிடுவது குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியம். ஆனால் அதே தெருவிலுள்ள பெட்டிக்கடையில், சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வருகிற மாம்பழ பானப் பொட்டலங்களும் வர்ணத் தண்ணீர்ப் புட்டிகளும் எக்காலத்திலும் சரமாகத் தொங்கிக்கொண்டும் அடுக்கப்பட்டும் இருக்கின்றன. தண்ணீருக்கு முறை உண்டு, தித்திப்புக்கு முறையில்லை. இந்தச் சூழ்நிலையில் வளரும் மூன்று வயதுக் குழந்தை, தாகம் எடுத்தால் எதற்குக் கைநீட்டக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப்போகும் விஷயம்.

தாகம் பிறக்கும் இடம்

பிறந்த சிசுவின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஒரு வயது நிறையும்போது அது அறுபது விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. பெரியவர்களின் உடம்பிலும் தண்ணீரே பெரும்பகுதியென்றாலும், குழந்தையின் நிலைமையில் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு: எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரிது, ஆகவே வியர்வையாகவும் மூச்சின் ஈரமாகவும் அது இழக்கும் நீரும் எடைக்கு மிஞ்சியே இருக்கிறது. 1957இல் மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்துத் தந்து, இன்றளவும் குழந்தை வைத்தியர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கின்படி, முதல் 10 கிலோ எடைக்குக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லிலிட்டரும் ஒரு நாளைக்கு வேண்டும். அதாவது, 14 கிலோ எடையுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு 1,200 மில்லிலிட்டர். இதில் கணிசமான ஒரு பகுதி குழைந்த சோற்றிலும் பருப்பிலும் ரசத்திலும் தயிரிலும் சேர்ந்துவிடும். எஞ்சியது குடித்தே ஆக வேண்டியது.

இரத்தத்தில் கரைந்துள்ள உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உயர்ந்தாலே, மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் நுண்ணிய உணர்வணுக்கள் அதை அறிந்து தாகத்தை எழுப்பிவிடுகின்றன. ஆனால் விளையாட்டில் லயித்திருக்கும் குழந்தை அந்த அழைப்பைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கோ, தன்னைப் படுத்துவது தாகமா, பசியா, தூக்கமா என்று பிரித்துச் சொல்லவும் தெரியாது. காற்றில் ஈரம் மிகுந்த தீவுப் பிரதேசத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடம்பு குளிராமல் மேலும் மேலும் வியர்த்துக்கொண்டே போகிறது. ஆகவே இத்தகைய இடங்களில், குழந்தை கேட்கட்டும், கொடுக்கலாம் என்று காத்திருப்பது போதாது.

தித்திப்பின் மேல் பிறவிப் பற்று

எருசலேம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாகோப் ஸ்டைனர், முதல் பாலையும் அருந்தாத சிசுக்களின் நாவில் வெவ்வேறு சுவையுள்ள துளிகளை வைத்து அவற்றின் முகபாவங்களை 1970களில் பதிவு செய்தார். கசப்புக்கு வாய் கோணிற்று. தித்திப்புக்கோ முகம் தளர்ந்து, உதடு சப்புக்கொட்டி, புன்னகை போன்றதொரு பாவம் தோன்றிற்று. கற்றுக்கொடுக்காமலே வந்த இந்தப் பற்று இயற்கையின் பிழையன்று. தாய்ப்பால் தித்திப்பானது, காட்டில் பழுத்த கனி தித்திப்பானது, நஞ்சுள்ள இலைகளும் காய்களும் பெரும்பாலும் கசப்பானவை. மனித குலம் தோன்றிய நாளிலிருந்து அண்மைக்காலம் வரையில், தித்திப்பைத் தேடியவனுக்கு அது அரிதாகவே கிடைத்துவந்ததால் அந்தப் பற்றினால் கேடொன்றும் விளையவில்லை.

தித்திப்பின் மேல் விருப்பம் பிறவியில் வருகிறதென்றாலும், தண்ணீர் எப்படி ருசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறவியில் வருவதன்று. பிலடெல்பியாவிலுள்ள மோனல் ஆய்வு மையத்தில் கேரி பியோசாம்ப், மோரன் இருவரும் 1980களின் தொடக்கத்தில் நடத்திய பரிசோதனை இதைத் தெளிவாக்கிற்று. பிறந்த சில மாதங்களில் தாய்மார் வழக்கமாகச் சர்க்கரை நீர் புகட்டிவந்த குழந்தைகள், ஆறு மாதத்தில் சோதித்தபோது மற்றக் குழந்தைகளைவிட இனிப்பு நீரை அதிகமாக விரும்பிக் குடித்தன. அதே குழந்தைகளை இரண்டு வயதில் மீண்டும் சோதித்தபோதும் அந்த வேற்றுமை நீடித்திருந்தது. தமிழ்நாட்டிலும், தமிழர் குடிபெயர்ந்த இடங்களிலும், பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் ‘சேனை’ வழக்கம் பலரும் அறிந்ததே. அன்பின் அடையாளமாக ஏற்பட்ட அந்தச் சடங்கு ஒரு துளியோடு நிற்காமல், அழும்போதெல்லாம் சீனித் தண்ணீர் புகட்டும் பழக்கமாக நீளுமானால், குழந்தையின் நாக்கு அப்போதே பாடம் கற்கத் தொடங்கிவிடுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு நோய்க்கிருமிகள் பிரதான காரணம். இந்த ருசிப்பாடமும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

சிறு பிராயத்துச் சர்க்கரை எத்தனை தூரம் பின்தொடர்ந்து வருமென்பதற்குப் பிரிட்டனின் சரித்திரத்திலேயே ஒரு பரிசோதனை எதிர்பாராமல் அமைந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அங்கே ஏற்பட்ட சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் நீங்கியது. நீங்கியவுடனே ஜனங்கள் உண்ணும் சர்க்கரை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னுமாகப் பிறந்தவர்களின் உடல்நிலையை ஒப்பிட்டு 2024இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சி, கருவிலும் முதல் இரண்டு வயது வரையிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, நடுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 விழுக்காடும், இரத்த அழுத்தம் வரும் அபாயம் சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்ததென்று காட்டிற்று.

பொட்டலத்தின் கணக்கு

இனி, பெட்டிக்கடையில் தொங்கும் அந்த மாம்பழ பானப் பொட்டலத்தை எடுத்துப் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். முன்புறத்தில் பழுத்த மாம்பழம் இரண்டாகப் பிளந்து ரசம் சொட்டுகிறது. பின்புறத்தில் பொடி எழுத்தில் தண்ணீர், சர்க்கரை, மாம்பழக்கூழ் என்று சேர்மானங்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. எது எடையில் மிகுதியோ அது முதலில் வர வேண்டுமென்பது விதி. பழ பானம் என்ற பெயருக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்கும் பழத்தின் அளவு பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பங்கே. சர்க்கரையோ இத்தகைய பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு 12 முதல் 14 கிராம் வரை இருக்கும். ஆகவே 150 மில்லிலிட்டர் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவை சுமார் 1,010 கலோரி என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வருவது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது, இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் உத்தமம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கிராமாக மாற்றினால், உச்சவரம்பு 25. உத்தமமான அளவு 12 அல்லது 13. ஒரே பொட்டலம் உத்தம அளவைக் கடந்து, உச்சவரம்பை நெருங்கிவிடுகிறது. அன்றைய பிஸ்கட்டும் மிட்டாயும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

திரவமாக உட்செல்லும் சர்க்கரைக்கு வேறொரு கபடமும் உண்டு. நெதர்லாந்தில் 4 முதல் 11 வயது வரையுள்ள 641 குழந்தைகளுக்கு நாள்தோறும் 250 மில்லிலிட்டர் பானம் கொடுத்து 18 மாதம் கவனித்தார்கள். பாதிப்பேரின் பானத்தில் சர்க்கரை. மற்றப் பாதிப்பேரின் பானத்தில் கலோரியற்ற இனிப்பு. யாருக்கு எது என்பது குழந்தைகளுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 2012இல் வெளியான முடிவின்படி, சர்க்கரை குடித்தவர்களின் எடை சராசரி 7.37 கிலோவும், மற்றவர்களின் எடை 6.35 கிலோவும் கூடியிருந்தது. குடித்த சர்க்கரைக்கு ஈடாக உணவைக் குறைத்துக்கொள்ளும் எச்சரிக்கை உடம்பில் சரிவரப் பிறக்கவில்லையென்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். மெலிந்த குழந்தைக்கு நேரும் கேடு வேறுவிதமானது: பதினோரு மணிக்குக் குடித்த இனிப்பு அதன் சிறிய வயிற்றை நிரப்பி, பன்னிரண்டு மணிச் சோற்றையும் பருப்பையும் முட்டையையும் வேண்டாமென்று தள்ளச் செய்துவிடுகிறது.

பற்களின் கதையை 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் அளந்து காட்டினார். சர்க்கரை நீரால் வாயைக் கொப்பளித்த சில நிமிஷங்களுக்குள் பல்லின்மேல் படிந்துள்ள கிருமிப்படலம் அமிலமாகிவிடுகிறது. பழைய நிலைக்கு மீள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. எவ்வளவு குடித்தோம் என்பதைப் போலவே எத்தனை தடவை குடித்தோம் என்பதும் முக்கியமென்று இதனால் விளங்கும். ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் சிறுகச் சிறுக உறிஞ்சும் குழந்தையின் பற்கள் அந்த அமிலத்திலிருந்து விடுபடுவதே இல்லை.

சர்க்கரைப் பானங்களைக் கண்டு அஞ்சுகிற வீடுகளிலும் தேநீர் சந்தேகத்துக்கு இடமின்றி உள்ளே வந்துவிடுகிறது. விடியற்காலையில் பெரியவர்களுக்குப் போட்ட டீயிலேயே இன்னும் கொஞ்சம் பாலும் சீனியும் சேர்த்து, ரஸ்க்கை நனைத்துக் குழந்தைக்கும் ஊட்டுவது அந்தமானிலும் தமிழ்நாட்டிலும் கண்கூடான வழக்கம். தேயிலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று கண்டிருக்கும்போது, அந்தச் சிறு தம்ளர் டீயை அற்பமென்று ஒதுக்குவதற்கில்லை. மால்ட் கலந்த மாவுகளின் மேலிருந்த மதிப்பும் இப்போது பரிசீலனைக்கு வந்துவிட்டது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்றொரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லையென்று காட்டி, அந்தத் தலைப்பின்கீழ் அவற்றை விற்கலாகாதென்று இணையவழி வணிகர்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

இளநீர், பால், உப்புச் சர்க்கரைக் கரைசல்

தீவின் சொந்தப் பானம் எதுவென்றால் இளநீரைத்தான் சொல்ல வேண்டும். நிக்கோபார் மக்களின் அன்றாட வாழ்வில் அது தண்ணீரின் ஸ்தானத்தையே வகிக்கிறது. 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 5 கிராம் இயற்கைச் சர்க்கரையும், பொட்டாசியமும் கொண்டு, வெட்டும் வரையில் கிருமி புகாதபடி இயற்கையே மூடி முத்திரையிட்ட பானம் அது. குழந்தைக்குச் சில நாட்களில் அரைத் தம்ளர் கொடுப்பதால் நன்மையே. ஆயினும் பேதி கண்ட குழந்தைக்கு இளநீர் மட்டும் போதுமென்று இருந்துவிடுவது தவறு. ஏனெனில் பேதியில் உடம்பு பெரிதும் இழப்பது சோடியம். இளநீரில் அது குறைவு.

அந்தச் சந்தர்ப்பத்தில் உயிரைக் காப்பது, லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், அவற்றோடு சிறிதளவு பொட்டாசியம், சிட்ரேட் உப்புகளும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். குளுக்கோஸ் குடலுக்குள் நுழையும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துச் செல்கிறது, அவற்றின் பின்னால் தண்ணீர் செல்கிறது என்ற உண்மையை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். 1971இல் வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் அதைப் பெருவாரியான ஜனங்களிடையே மெய்ப்பித்துக் காட்டினார். இவ்வளவுக்கும் ஆதாரம் துல்லியமான அளவு. சர்க்கரை மிகுந்தால் அதே திரவம் குடலிலிருந்து நீரை வெளியே இழுத்துப் பேதியை வளர்க்கும். அந்த அளவுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி விற்கப்பட்டுவந்ததை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விலக்கியது இக்காரணத்தால்தான்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தண்ணீருக்கு அடுத்த பானம் பால். கர்நாடகத்தில் 2013இல் தொடங்கிய ‘க்ஷீர பாக்யா’ திட்டம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 150 மில்லிலிட்டர் பாலை வழங்கிற்று. அந்தமானில் பால்பொடியைக் கரைத்துக் காய்ச்சும் வீடுகள் ஏராளம்; அதில் குற்றமில்லை. கரைக்கும் தண்ணீர் கொதித்ததாகவும், சீனி சேராததாகவும் இருந்தால் போதும்.

அங்கன்வாடியில் அமைய வேண்டியது

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கமாகத் தேசமெங்கும் எழுந்தவை அங்கன்வாடிகள். மூன்று முதல் ஆறு வயதுவரை, ருசிகள் உறுதிப்படும் பருவத்தில், குழந்தை தினந்தோறும் சில மணி நேரத்தை வீட்டுக்கு வெளியே கழிக்கும் முதல் இடம் அதுவே. அங்கே எதைச் செய்தால் பயன் விளையும் என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான சில பதில்களைத் தந்திருக்கிறது.

முதலாவது, உபதேசத்தைவிடச் சௌகரியம் வலியது. ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர் ஊற்றுகளை நிறுவி, தண்ணீரைப் பற்றி நான்கு பாடங்களும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டின் முடிவில் அங்கே படித்த குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு தம்ளருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் குடித்ததோடு, அவர்களிடையே அதிக எடையின் அபாயம் 31 விழுக்காடு குறைந்தும் இருந்தது. இரண்டாவது, சகாக்களின் உதாரணம். ஒரு காய்கறியை விரும்பாத குழந்தையை, அதை விரும்பும் குழந்தைகளோடு சில நாள் உட்காரவைத்துப் பரிமாறினால் அதன் விருப்பமே மாறுகிறதென்று லீயன் பர்ச் 1980இல் காட்டினார். பரிசாகக் கொடுக்கப்படும் பண்டத்தின் மேல் குழந்தைக்கு ஆசை வளர்கிறதென்பதும், கண்ணெதிரே வைத்துத் தடுக்கப்படும் பண்டத்தின் மேல் அது இன்னும் மிகுகிறதென்பதும் அவருடைய வேறு பரிசோதனைகளால் விளங்கின. “அழாமல் இருந்தால் ஜூஸ் வாங்கித் தருவேன்” என்ற வாக்குறுதி எத்தகைய பாடம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவற்றை மரைன் ஹில் போன்ற ஓரிடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். குழாய் வரும் நாளில் பிடிக்கும் முதற்குடம் குழந்தைகளின் குடிநீருக்கு என்று ஒதுக்கப்பட வேண்டும். பாத்திரம் கழுவுவதும் தரை துடைப்பதும் அதற்குப் பின்னர். அந்தத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு பிடி சீரகம் போட்டு ஆறவிட்டால், குளோரின் வாடை நீங்கி, சர்க்கரையின்றியே ஒரு மணம் ஏறும். மூடியும் நீண்ட பிடியுள்ள கரண்டியும் கொண்ட பானை, குழந்தையின் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைமேல். பக்கத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் அடையாளமிட்ட சிறு எவர்சில்வர் தம்ளர். கையை உள்ளே விடாமல் மொண்டு ஊற்ற ஆயாம்மா இருக்கிறார். “டீச்சர், தண்ணி” என்ற குரலுக்குக் காத்திராமல், வந்தவுடன் ஒரு தடவை, விளையாட்டு முடிந்ததும் ஒரு தடவை, பாட்டு முடிந்ததும் ஒரு தடவை, சோற்றோடு ஒரு தடவை என்று எல்லோருக்கும் ஒருசேர வார்க்கப்படுகிறது. டீச்சரும் குழந்தைகளெதிரே அதே பானைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். அவருடைய டீ தம்ளர் அறைக்குள் வருவதில்லை. பிறந்தநாள் கொண்டாடும் வீட்டார் பொட்டலப் பானத்துக்குப் பதிலாக வாழைப்பழமோ பப்பாளித் துண்டுகளோ கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லப்படுகிறது.

சட்டத்தாலும் இதற்கு ஓரளவு துணை கிடைக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2012 ஜனவரியிலிருந்து, உரிமம் பெற்ற குழந்தைக் காப்பகங்களில் இனிப்புச் சேர்த்த பானங்கள் விலக்கப்பட்டு, கலப்பில்லாத பழச்சாறும் நாளைக்கு ஒரு தடவை என்று வரையறுக்கப்பட்டு, குடிதண்ணீர் எந்நேரமும் கிடைக்க வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்பதைத் தடுக்கின்றன. எனினும் விலக்குவது பாதி வேலையே. கலிபோர்னியச் சட்டத்திலும்கூட இனிப்பை நீக்கியதோடு தண்ணீரை வைக்கச் சொன்ன இரண்டாம் பகுதிதான் முதற்பகுதிக்கு உயிர் தருகிறது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில், பொட்டலத்தைப் பிடுங்குவதால் குழந்தையின் தாகம் தீர்ந்துவிடாது.

மூன்று வயதில் குழந்தை தானே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக நமக்குத் தோன்றினாலும், அதன் கைக்கெட்டும் தூரத்தில் எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள் அதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். ஆகவே கோடையில் தனிக்காரி அணையின் இருப்பைப் பகிர்ந்து குழாய்களுக்கு முறை வகுக்கிற அதிகாரி, அந்தப் பட்டியலில் அங்கன்வாடிகளுக்கு முதலிடம் கொடுப்பாரானால், ஊட்டச்சத்துத் துறையின் வேலையில் ஒரு பகுதியைத் தம்மை அறியாமலே செய்து முடித்தவராவார். எஞ்சிய பகுதிக்குத் தேவைப்படுவது ஒரு பானையும், சில தம்ளர்களும், நாள் தவறாத ஒரு வழக்கமுமே.